சாந்து பூசிய சுவரும் சாணம் மெழுகிய தரையும்
(இடைக்காலக் கொங்கு இல்லத்தின் உட்புறம் பற்றிய ஒரு பாடம்)

வரலாற்றுப் பாடநூல்களைப் புரட்டினால் மன்னர்களையும் போர்களையும் கோயில்களையும் பற்றி நிறைய அறிகிறோம். ஆனால் அக்காலத்து மக்கள் தம் வீட்டிற்குள் எதன்மீது அமர்ந்தனர், எதில் நீர் வைத்தனர், எந்த எண்ணெயால் விளக்கேற்றினர், எதை விரித்து உறங்கினர் என்ற கேள்விகளுக்கு அந்நூல்களில் விடை காண்பது அரிது. மனிதன் தன் வாழ்நாளில் பெரும்பகுதியைக் கழிக்கும் இடம் வீடு. அதன் உட்புறத்தை அறியாமல் ஒரு காலத்தை அறிந்துவிட்டோம் என்று கூறுதல் பொருந்தாது.

இக்கட்டுரையில் நாம் காணவிருப்பது சேலம், நாமக்கல் சமவெளி. வடக்கே சேர்வராயன் மலையும் கிழக்கே கொல்லிமலையும் மேற்கிலும் தெற்கிலும் காவிரியும் சூழ்ந்த நிலம் இது. நாமக்கல் 1997ஆம் ஆண்டில்தான் சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டம் ஆயிற்று. ஆதலின் பழங்காலத்தைப் பேசும்போது இரண்டையும் ஒன்றாகவே கொள்ளுதல் தகும். காலம், 13ஆம் நூற்றாண்டு முதல் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை. கொங்குச் சோழர், பாண்டியர், போசளர், விசயநகரத்தார், மதுரை நாயக்கர், தாரமங்கலத்துக் கெட்டி முதலியார் எனப் பலர் ஆட்சி இங்கு மாறி மாறி நடந்த காலம் அது.

மண்சுவரும் ஓலைக்கூரையும் சில மழைக்காலங்களில் கரைந்து போகும். கருங்கல்லில் எழுந்தவையே நிற்கும். நாமக்கல் மலையைக் குடைந்த அதியர் காலத்துக் குடைவரைகள் நிற்கின்றன. தாரமங்கலம் கைலாசநாதர் கோயில் நிற்கின்றது. அவற்றைச் செதுக்கிய கைகளுக்கு உரியவர் வாழ்ந்த வீடுகளோ மண்ணோடு மண்ணாயின. எனவே நமக்குத் துணையாவன நான்கு சான்றுகள்: நாம் பேசும் சொல், வழிப்போக்கர் எழுதிய குறிப்பு, கல்வெட்டு, இந்நிலம் தரும் பொருள். இந்நான்கையும் ஒன்றோடொன்று வைத்துப் பார்த்தால் அவ்வீட்டின் உட்புறம் ஓரளவு தெளிவாகவே புலப்படும்.

1. சொல் தரும் சான்று

ஆசிரியப் பயிற்சி மாணவியருக்கு வரலாறு கற்பிக்கும் முறையைப் பயிற்றுவித்த நாள்களில் அவர்களுக்கு ஒரு பயிற்சி கொடுப்பதுண்டு. ஐந்நூறு ஆண்டுகளுக்கு முந்தைய வீடு ஒன்றைப் படமாக வரையச் சொல்வேன். ஏறக்குறைய எல்லாப் படங்களிலும் ஒரு மேசை இருக்கும். சுவரோரம் ஓர் அலமாரி இருக்கும். கம்பியிட்ட ஜன்னல் இருக்கும். அதன்பின் அப்பொருள்களின் பெயர்களைக் கரும்பலகையில் எழுதி, இச்சொற்கள் எங்கிருந்து வந்தன என்று கேட்பேன்.

மேசை, அலமாரி, ஜன்னல், சாவி ஆகிய நான்கும் போர்த்துகீசியச் சொற்கள். சமையலறையைச் சிலர் குசினி என்பர், அதுவும் அம்மொழியினதே. யாழ்ப்பாணத்தார் நாற்காலியைக் கதிரை என்பர், அதுவும் அங்ஙனமே. பீரோ என்பது பிரெஞ்சு மொழியிலிருந்து புறப்பட்ட சொல். வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் வந்திறங்கியது 1498இல். அதன் பின்னரே போர்த்துகீசியர் வழக்குகள் கடற்கரை ஊர்களில் பரவி, அங்கிருந்து உள்நாட்டிற்கு மெல்ல நுழைந்தன. ஆகவே நம் காலத்துக் கொங்கு வீட்டிலிருந்து இச்சொற்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்துவிட வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. சொல் புதிது என்பதால் பொருளும் புதிது என்று உடனே முடிவு செய்தலாகாது. ஜன்னல் என்ற சொல் வருமுன்னரே சாளரம், பலகணி, காலதர் என்ற சொற்கள் நம்மிடம் இருந்தன. கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. காற்று வரும் வழி காலதர் ஆயிற்று. சாவிக்கு முன் திறவுகோல் இருந்தது. அலமாரி செய்த வேலையைப் பெட்டியும் பேழையும் பரணும் செய்தன. மேசையின் நிலை வேறு. உயர்ந்த பலகையில் உணவு வைத்து, உயர்ந்த இருக்கையில் அமர்ந்து உண்ணும் வழக்கமே நம் இல்லங்களில் இல்லாதிருந்தது. அதனால் அதற்கு வீட்டுச் சொல்லும் பிறக்கவில்லை.

உயர்ந்த இருக்கைக்குரிய பழஞ்சொற்களை நோக்குங்கள்: அரியணை, தவிசு, பீடம். இவை அரசனுக்கும் தெய்வத்திற்கும் போற்றத்தக்க பெரியோர்க்கும் உரியவை. இல்லத்தார்க்கு உரியவை மணை, பலகை, முக்காலி. இவற்றின் உயரம் தரையிலிருந்து சில விரற்கடை அளவே. உயரத்தில் அமர்வது அக்காலத்தில் பெருமையின் அடையாளம் என்பது இதனால் விளங்கும்.

2. தரையே முதல் தளவாடம்

மேசையும் நாற்காலியும் நீங்கினால் எஞ்சுவது தரை. அதுவே அவ்வீட்டின் இருக்கை, உண்ணும் இடம், படுக்கை, குழந்தை தவழும் களம், தானியம் உலர்த்தும் பரப்பு. ஒரே இடம் காலையில் ஒன்றாகவும் இரவில் வேறொன்றாகவும் பயன்பட்டது. பாயை விரித்தால் படுக்கையறை, சுருட்டினால் கூடம்.

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோவை வியப்பில் ஆழ்த்தியது இத்தரையே. இந்நாட்டில் அரசனும் குடிகளும் தரையிலேயே அமர்வதையும், வீடுகளைப் பசுஞ்சாணத்தால் மெழுகுவதையும் அவர் குறித்துள்ளார். ஒவ்வொருவரும் தமக்கெனத் தனி நீர்க்கலம் வைத்திருந்ததையும், வாயில் படாமல் மேலிருந்து ஊற்றிப் பருகியதையும் எழுதியுள்ளார். நம் இல்லங்களில் பெரியோர் இன்றும் அண்ணாந்து நீர் பருகுவதைக் காணும் சிறுவர்க்கு, அவ்வழக்கம் ஏழு நூற்றாண்டுகளுக்கு முன்னரே ஓர் அயலாரால் பதிவு செய்யப்பட்டது என்று சொல்லுங்கள்.

1623இல் கன்னட நாட்டு இக்கேரிக்குச் சென்ற இத்தாலியர் பியத்ரோ தெல்லா வாலேயும் சாணத் தரையை விரிவாக எழுதியுள்ளார். முதலில் அதனை ஒரு மூடநம்பிக்கை என்றே அவர் எண்ணினார். பின்னர் அதன் வழவழப்பையும் தூய்மையையும் நேரில் கண்டு, தம் நாடு திரும்பியதும் அங்கும் செய்து பார்க்க விரும்புவதாக எழுதினார். தரையை மெழுகுவது பெண்டிர் செய்த பணி. தரை வெடித்தால் மண்ணிட்டு நிரப்பி, நீர் தெளித்து, சாணம் கரைத்துக் கையால் வளைவு வளைவாக இழுக்க வேண்டும். காய்ந்தபின் புழுதி எழாது. ஆனால் அடுத்த சில நாள்களில் மீண்டும் அதே பணி. மார்க்கோ போலோவும் தெல்லா வாலேயும் தரையைக் கண்டு எழுதினர். அதனை நாள்தோறும் புதுப்பித்த கைகளைப் பற்றி நாம்தாம் எழுத வேண்டும்.

தரையின் மேல் விரிப்பது பாய். காவிரிக் கரையில் மோகனூர், பரமத்திவேலூர் பக்கங்களில் கோரை செழிப்பாக வளரும். அக்கோரையைக் கிழித்துக் காயவைத்துப் பாய் நெய்வது அப்பகுதியின் பழகிய தொழில். ஆற்றை விட்டு விலகிய மேட்டு ஊர்களில் பனையோலைத் தடுக்கும் ஈச்சம் பாயும் உதவின. குளிர்காலத்திற்கு ஆட்டு மயிரால் நெய்த கம்பளி.

3. சுவரும் அதன் உரிமையும்

இனிச் சுவரைக் காண்போம். இப்பாடத்தின் மையம் இதுவே.

நாமக்கல்லிலிருந்து காவிரியைக் கடந்தால் கருவூர். அங்குள்ள பசுபதீசுவரர் கோயிலில், கொங்குச் சோழர் காலத்தது எனக் கருதப்படும் ஒரு கல்வெட்டு உள்ளது. கோனேரின்மைகொண்டான் என்ற பொதுப்பட்டத்தோடு விளங்கும் மன்னன், வெங்காலநாட்டுக் கம்மாளர்க்குப் பிறப்பித்த ஆணை அது. கம்மாளர் எனப்படுவோர் கல்தச்சர், மரத்தச்சர், கொல்லர், கன்னார், தட்டார் ஆகிய ஐவகைத் தொழிலாளர். தம் வீட்டு நன்மைக்கும் தீமைக்கும் அவர்கள் இரட்டைச் சங்கு ஊதலாம், பேரிகை கொட்டலாம் என்றும், புறப்பட வேண்டிய இடங்களுக்குக் காலில் செருப்பணிந்து செல்லலாம் என்றும், தம் வீடுகளுக்குச் சாந்து பூசிக்கொள்ளலாம் என்றும் அவ்வாணை அனுமதி வழங்குகிறது. ஆட்சியாண்டு பதினைந்தின் ஆடித் திங்கள் முதல் இது நடைமுறைக்கு வரும் என்று நாளும் குறிக்கப்பட்டுள்ளது.

இவ்வரிகளைப் படிப்போர் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். ஓர் உரிமையைப் புதிதாக வழங்குகிறார்கள் என்றால், அதற்கு முந்தைய நாள் வரை அவ்வுரிமை இல்லாதிருந்தது என்பது பொருள். கோயில் சுவருக்குச் சாந்து குழைத்தவர், மாளிகைக் கதவுக்குக் கீலும் தாழும் அடித்தவர், செல்வர் வீட்டுக்கு விளக்கு வார்த்தவர் தம் வீட்டுச் சுவரை வெறும் மண்ணாகவே வைத்திருக்க வேண்டியிருந்தது. சாந்துக்குத் தேவையான சுண்ணாம்புக்கல் இந்நிலத்தில் அரிதும் அன்று. சங்ககிரிப் பக்கம் அது மிகுதியாகக் கிடைக்கிறது. பொருள் இருந்தது, கைத்திறன் இருந்தது. பூசுவதற்கு இசைவுதான் இல்லை.

சோழர் செப்பேடுகள் சிலவும் இதே செய்தியை வேறு வகையில் சொல்கின்றன. தானமாக ஊர் பெற்றவர்க்கு வழங்கப்பட்ட சிறப்புரிமைகளுள், சுட்ட செங்கல்லால் மாடமும் மாளிகையும் எடுக்கலாம் என்பது ஒன்று. செங்கல் வீடு கட்டுவதற்கே ஆணை வேண்டியிருந்தது என்றால், மற்றையோர் வீடு எவ்வாறு இருந்திருக்கும் என்பதை ஊகித்தல் எளிது.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய குறை என்று எண்ணிவிட வேண்டா. இங்கிலாந்தில் 1363இல் இயற்றப்பட்ட ஒரு சட்டம், எந்தத் தரத்தார் எந்தத் துணி உடுக்கலாம் என்று வரையறுத்தது. உழவர்க்கு ஒன்று, கைவினைஞர்க்கு ஒன்று, பிரபுக்களுக்கு ஒன்று. பிறப்பையும் பதவியையும் கண்ணால் கண்டவுடன் அறிய வேண்டும் என்று ஆள்வோர் விரும்பிய காலம் அது. அங்கு ஆடை அடையாளமாயிற்று; இங்கு ஆடையோடு செருப்பும் சங்கும் சுவரும் அடையாளமாயின.

விசயநகர ஆட்சிக் காலக் கல்வெட்டுகளில் வரும் வரிப்பெயர்களும் வீட்டைப் பற்றிப் பேசுகின்றன. வாசல் பணம் என்பது வாசலை எண்ணி வாங்கிய வரி. தறி இறை என்பது தறியை எண்ணி வாங்கியது. செக்குக்கும் வரி இருந்தது. வீட்டின் வாயிலும் வீட்டுக்குள் இருந்த கருவியும் அரசின் கணக்கில் ஏறியிருந்தன.

4. நிலம் தந்த பொருள்கள்

அவ்வீட்டுக்குள் நுழைவோம். பழைய மரக்கதவுக்கு இன்றுள்ள கீல் இராது. கதவின் மேலும் கீழும் உள்ள குடுமிகள் குழிகளில் பொருந்திச் சுழலும். உட்புறத்தில் தாழ். கொங்கு வட்டாரத்தில் வீட்டின் கூடத்தை ஆசாரம் என்றும், பொருள் வைக்கும் மேல்தட்டை அட்டாலி என்றும் வழங்குவர். சுவரில் விளக்கு வைக்க ஒரு மாடக்குழி.

அவ்விளக்குக்கு எண்ணெய் எது? தமிழ் தானே விடை கூறுகிறது. ஆமணக்கு வித்திலிருந்து எடுப்பதை நாம் விளக்கெண்ணெய் என்கிறோம். இன்று அதனை மருந்தாகவே அறிவோம். பெயரோ அதன் முதல் பயனைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. சேலம், நாமக்கல் மேட்டு நிலங்களில் ஆமணக்கு இன்றும் விளைகிறது. அகல் விளக்கின் ஒரு திரி தரும் ஒளியில் ஒரு முகத்தைக் காணலாம். உணவில் விழுந்த சிறு பூச்சியைக் காண்பது அரிது. பொழுது சாயுமுன் உண்டு முடிக்க வேண்டும் என்று நம் முன்னோர் கொண்ட நோன்பை அந்த அகல் ஒளியில் வைத்துப் பார்த்தால், உயிர்க்கு இரங்கும் அறம் அன்றாட வாழ்வோடு எத்துணைப் பொருந்தியிருந்தது என்பது விளங்கும்.

அடுப்படியில் மண்பாண்டங்களோடு கல்சட்டி இருக்கும். சேலம் பகுதியில் கிடைக்கும் மாக்கல்லைக் குடைந்து செய்வது அது. மெதுவாகச் சூடேறும், ஏறிய சூட்டை நெடுநேரம் காக்கும். அடுப்பிலிருந்து இறக்கிய பின்னும் குழம்பு அதில் கொதித்துக்கொண்டே இருக்கும். விறகு சிக்கனத்திற்கு அது பேருதவி. புளியிட்டாலும் கல் கரையாது. சேலத்துக் கல்சட்டி இன்றும் வெளியூர்களுக்குச் செல்கிறது.

இரும்புக்கும் இவ்வூரார் தொலைவு செல்ல வேண்டியதில்லை. சேலத்தை அடுத்த கஞ்சமலை இரும்புத் தாதுக்குப் புகழ்பெற்றது. ஊர்க் கொல்லர் சிறு உலைகளில் கரியிட்டுத் துருத்தி ஊதி இரும்பு பிரித்தனர். அரிவாள்மணை, கரண்டி, தாழ், ஆணி, கொழு ஆகியவை அதன் பயன்கள். 1830இல் பரங்கிப்பேட்டையில் ஹீத் என்னும் ஆங்கிலேயர் பெரிய இரும்பு ஆலை தொடங்கியபோதும் அவர் நாடியது சேலத்துத் தாதுவையே.

வீட்டின் பேரிடத்தைப் பிடித்துக்கொண்டவை சேமிப்புக் கலங்கள். உயர்ந்த மண் குதிரில் தானியம்; அடுக்குப் பானைகளில் பயறும் விதையும்; பெரிய மொடாவில் நீர். கூரையிலிருந்து தொங்கும் உறியில் பாலும் தயிரும், பூனைக்கும் எறும்புக்கும் எட்டாதபடி. உரல், உலக்கை, அம்மி, திருகை, முறம் ஆகியவை ஒவ்வொரு வீட்டின் உழைப்புக் கருவிகள். கம்பும் கேழ்வரகும் சோளமும் உணவாக இருந்த மேட்டு நிலத்தில் திருகையின் ஓசைதான் விடியலின் ஓசை. மழை பொய்க்கும் ஆண்டுகள் இந்நிலத்திற்குப் புதியன அல்ல. ஆதலின் ஒரு வீட்டின் செல்வத்தை அதன் குதிரின் உயரத்தால் அளந்தனர்.

நெசவாளர் வீடு வேறு வகை. அங்கு முதன்மையான தளவாடம் தறி. தரையில் வெட்டிய குழியில் கால்களை இறக்கி, மிதியை மிதித்து நெய்வது குழித்தறி. பாவு நீளத்திற்கு ஏற்பவே கூடத்தின் நீளம் அமையும். உண்ணும் இடமும் உறங்கும் இடமும் தறி விட்ட மிச்சத்தில்தான். தறி இறை என்ற வரி அவ்வீட்டின் நடுக்கூடத்தின் மேலேயே விழுந்தது எனலாம்.

5. கட்டிலும் அரண்மனையும்

கட்டில் எல்லா வீட்டிலும் இருந்ததில்லை. இருந்த வீட்டில் நான்கு கால், நான்கு சட்டம், புளிச்சை நாராலோ தேங்காய் நாராலோ திரித்த கயிற்றுப் பின்னல். கோடையில் அது வாசலுக்கு வரும். பகலில் சுவரோடு சாய்ந்து நிற்கும். முதியோர்க்கும் நோயுற்றோர்க்கும் பிள்ளை பெற்ற தாய்க்கும் முதலிடம்.

செல்வர் வீட்டுப் படுக்கையைப் பற்றி மார்க்கோ போலோ ஒரு சுவையான செய்தி தருகிறார். பிரம்பால் பின்னிய இலேசான படுக்கையில் ஏறிப் படுத்தபின், அதனைக் கயிற்றால் கூரைக்கு அருகே இழுத்துக் கட்டிக்கொள்வார்களாம். நச்சுப் பூச்சிகளின் கடிக்குத் தப்பவும், வெப்பம் மிகுந்த இரவில் காற்று பெறவும் இவ்வேற்பாடு. எளியவர்கள் தெருவிலேயே படுத்து உறங்கினர் என்றும் அவர் சேர்த்துக் கூறுகிறார்.

இவற்றோடு அரண்மனையை ஒப்பிடுவோம். 1520ஆம் ஆண்டையொட்டி விசயநகரத்தைக் கண்ட போர்த்துகீசியர் தொமிங்கோ பயஸ், அரண்மனையில் சுவரும் தூணும் முழுதும் தந்தத்தால் அமைந்து, ரோசா மலரும் தாமரையும் செதுக்கிய ஓர் அறையை வருணிக்கிறார். அதே பேரரசின் வரிக்கணக்கில்தான் நம் சமவெளியின் வாசலும் தறியும் அடங்கியிருந்தன.

காஞ்சிபுரத்தை அடுத்த திருப்பருத்திக்குன்றம் நம் சமூகத்தார் நன்கறிந்த தலம். அங்குள்ள திரைலோக்கியநாதர் கோயிலில் 1387ஆம் ஆண்டையொட்டி, இரண்டாம் ஹரிஹரரின் அமைச்சரான இருகப்பர் சங்கீத மண்டபத்தை எழுப்பினார். அதன் விதானத்தில் ரிஷபதேவர், நேமிநாதர், வர்த்தமானர் ஆகியோரின் வரலாறுகள் வண்ண ஓவியங்களாகத் தீட்டப்பட்டுள்ளன. காட்சிகளின் கீழே விளக்க எழுத்துகளும் உண்டு. டி. என். இராமச்சந்திரன் இக்கோயிலை ஆராய்ந்து எழுதிய நூலைச் சென்னை அருங்காட்சியகம் 1934இல் வெளியிட்டது. அங்குச் செல்லும்போது கழுத்தை நிமிர்த்தி அவ்வோவியங்களைப் பொறுமையாகக் காணுங்கள். தீர்த்தங்கரர் அரசகுலத்தில் தோன்றியவர் ஆதலின், ஓவியர் தீட்டியது அரசமனை. தம் காலத்து அரசமனைகளின் ஆடையும் அணியும் கட்டடமும் அவர் கைவழியே அங்கு இறங்கியிருக்கின்றன. அதனைக் கொண்டு எல்லார் வீடும் அவ்வாறு இருந்தது என்று கொள்ளுதல் பிழை. ஓவியம் எவர் வீட்டைக் காட்டுகிறது என்று கேட்பதே வரலாறு கற்பதன் முதற்படி.

6. எளிமை இருவகை

பழைய வீடுகளைப் பற்றிப் பேசும்போது, அக்காலத்தார் எளிமையாக வாழ்ந்தனர், ஆசையற்று வாழ்ந்தனர் என்று புகழ்வது வழக்கமாகிவிட்டது. கருவூர்க் கல்வெட்டைப் படித்தவர் அவ்வாறு பொதுப்படப் புகழத் தயங்குவர். பூசாத சுவர் உள்ள இரண்டு வீடுகளை எண்ணிப் பாருங்கள். ஒன்றில், பூச விரும்பியும் இசைவு பெறாதவர் வாழ்கிறார். மற்றொன்றில், பூசும் வசதியும் உரிமையும் இருந்தும் இது போதும் என்று அமைந்தவர் வாழ்கிறார். வெளியிலிருந்து காண்பவர்க்கு இரண்டும் ஒரே சுவர். உள்ளே உள்ள வாழ்வுகள் வேறு. முதலாமவரிடம் இருப்பது தடை. இரண்டாமவரிடம் இருப்பதே விரதம்.

இல்லறத்தார்க்குரிய அணுவிரதங்களுள் ஐந்தாவது, மிகுபொருள் விரும்பாமை. தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம், இவ்விரதத்தில் அளவு மீறக்கூடாத பொருள்களை வரிசைப்படுத்துகிறது: நிலம், வீடு, வெள்ளி, பொன், கால்நடை, தானியம், பணிப்பெண்டிர், பணியாளர், துணி முதலிய வீட்டுப் பொருள்கள். இறுதியில் உள்ள குப்பியம் என்ற சொல்லுக்குப் பட்டு, பருத்தி, சந்தனம் முதலியன என்று உரையாசிரியர் பொருள் கூறுவர். வீடும் வீட்டுக்குள் உள்ள துணியும்கூட எண்ணிக்கைக்கு உட்பட்டவை என்பது இதனால் பெறப்படும்.

இவ்விரதத்தின் அடிப்படை எண்ணிக்கை. தன்னிடம் என்ன உள்ளது என்று அறிந்தவனே இவ்வளவு போதும் என்று வரையறுக்க முடியும். பிறர் வரையறுத்து விதித்தால் அது விரதம் ஆகாது. நாம் பிறர்க்கு விதித்துவிட்டு அவரது எளிமையைப் புகழ்ந்தால், அதனினும் பெரிய பிழை உண்டோ? நம் வீட்டில் பணிபுரிவோர் எங்கு அமர்கின்றனர், எந்தக் குவளையில் நீர் அருந்துகின்றனர் என்று இல்லத்தார் ஒவ்வொருவரும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டும். சுவருக்கும் செருப்புக்கும் ஆணை வேண்டியிருந்த காலம் கடந்துவிட்டது. ஆணையின்றியே நாம் காக்கும் வேறுபாடுகள் சில நம் அடுப்படியில் இன்னும் இருக்கக்கூடும்.

7. வீட்டில் செய்யத்தக்க பயிற்சி

பாடம் பயிற்சியோடு முடிதல் நன்று. சிறுவர்களும் பெற்றோரும் சேர்ந்து பின்வருவனவற்றைச் செய்து பாருங்கள்.

முதலாவது, உங்கள் வீட்டில் ஓர் அறையைத் தேர்ந்து, அதிலுள்ள பொருள்கள் அனைத்தையும் பட்டியலிடுங்கள். ஒவ்வொரு பெயரும் எம்மொழிச் சொல் என்று அகராதியில் காணுங்கள். போர்த்துகீசியம், பாரசீகம், ஆங்கிலம் என்று பிரித்து எழுதினால், அப்பொருள் எக்காலத்தில் நம் வீட்டுக்குள் நுழைந்தது என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும்.

இரண்டாவது, அதே பட்டியலில் கடந்த ஓராண்டில் ஒருமுறையேனும் பயன்படுத்தியவற்றை அடிக்கோடிடுங்கள். எஞ்சியவற்றின் எண்ணிக்கையை உரக்கப் படியுங்கள். அதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

மூன்றாவது, பரணில் உள்ள பழம் பாத்திரங்களைக் கீழே இறக்குங்கள். பித்தளை, வெண்கலப் பாத்திரங்களின் விளிம்பில் பெயர் வெட்டியிருக்கும். அப்பெயர் யாருடையது, எந்தத் திருமணத்திற்கு யார் கொடுத்தது, அதில் என்ன சமைத்தனர் என்று பாட்டியிடமும் தாத்தாவிடமும் கேட்டு ஓர் ஏட்டில் எழுதுங்கள். குதிர், உறி, மொடா, திருகை, அட்டாலி போன்ற சொற்களை அவர்கள் எவ்வாறு வழங்கினர் என்பதையும் குறியுங்கள். ஊருக்கு ஊர் சொல் மாறும், அம்மாற்றமும் பதிவுக்குரியதே.

வீடு மாற்றும்போதும் பாகம் பிரிக்கும்போதும் இப்பாத்திரங்களை எடைக்குப் போட்டுவிடுகிறோம். கடைக்காரர் தருவது உலோகத்தின் விலை மட்டுமே. வெட்டிய பெயருக்கு அவரிடம் விலை இல்லை. பல நூற்றாண்டுகளுக்கு முந்தைய கம்மாளர் வீட்டின் உட்புறத்தை அறிய நமக்குக் கருவூர்க் கல்வெட்டு ஒன்று கிடைத்தது. நம் பாட்டியர் வீட்டின் உட்புறத்தை நாளை அறிய விரும்புவோர்க்கு, நாம் எழுதி வைக்கும் அந்த ஏடே சான்றாகும். விற்பதானாலும் வைத்துக்கொள்வதானாலும், பெயரைப் படித்து எழுதிய பின் செய்யுங்கள்.